இரண்டாவது முனையம் திறந்தபோது

ஒரு வீட்டில் எதை ஒரேயொரு முறை தொடங்க வேண்டும், எதை ஒவ்வொரு பிள்ளைக்கும் புதிதாகத் தொடங்க வேண்டும்? இன்றும் எனக்கு விடை தெரியாது.

இலங்கையிலிருந்து ஜேர்மனிக்குப் படிக்க வந்து, ஊரில் கலவரம் வெடித்ததால் திரும்பாமல் இருந்துவிட்டவள் நான். கார்ல்ஸ்ரூஹே நகரில் ஓர் ஆய்வுகூடத்தில் அரைநாள் வேலை. ஒரே கணினியில் பலர் தனித்தனி முனையங்களில், அதாவது ஆளுக்கொரு திரையிலும் விசைப்பலகையிலும், இருந்து வேலை செய்வதற்கான இயங்குதளத்தை எழுதிக்கொண்டிருந்தோம். அதன் உட்கருவில் முனையங்களைக் கவனிக்கும் பகுதி, முன்பிருந்தவர் பாதியில் விட்டுப்போனது, என்னிடம் வந்தது. ஒரு முனையம் திறந்தால் பிழையில்லை. இரண்டாவதைத் திறந்த கணமே முதலாவதில் இருப்பவர் தட்டியதெல்லாம் மறைந்துபோகும். "நீங்கள் திரையைப் போடுமுன் சொல்லுங்கள், நான் கோப்பி குடிக்கப் போகிறேன்" என்பார் பக்கத்து மேசைக்காரர்.

அந்த மாதங்களில்தான் மகன் பிறந்தான். மூத்தவளுக்கு மூன்று வயது. தமிழில் ஓயாமல் கதைப்பாள். அகதி விண்ணப்பத்தின் முடிவுக்குக் காத்திருந்த என் கணவருக்கு வேலை செய்ய அனுமதியில்லை. அவர்தான் பிள்ளைகளைப் பார்த்தார். இரண்டு மொழி பிள்ளையைக் குழப்பும், வீட்டில் ஜேர்மன் மட்டும், எங்கள் பேச்சில் 'டொச்' மட்டும், பேசுங்கள் என்று வைத்தியர் சொல்லியிருந்தார்.

"இவனோட துவக்கத்திலயிருந்தே டொச் தான்," என்றார் கணவர். "அப்ப முழு வீடும் இண்டையில இருந்து டொச்."

"மூத்தவளுக்கு விளங்காதே?"

"பிள்ளையள் கெதியாப் பிடிச்சிடுங்கள். என்ர டொச்சுக்கு நானே பயப்பிடேல்லை. நீர் ஏன் பயப்பிடுறீர்?"

சிரித்துவிட்டேன். மூத்தவள் "தண்ணி" என்றால், அதை ஜேர்மனில் சொல்லும்வரை கிளாசைக் கையிலேயே வைத்திருந்தோம். சில வாரங்களில் அவள் கையை மட்டும் நீட்டினாள். பிறகு எந்த மொழியும் பேசவில்லை.

ஆய்வுகூடத்தில் பிழை அகப்பட்டது. ஒரு முனையம் திறக்கும்போது ஓடும் நிரலில், அந்த முனையத்துக்கு மட்டும் உரியவற்றை அமைக்கும் வரிகளோடு, எல்லாருடைய எழுத்துகளும் காத்திருக்கும் பொது இடத்தை வெறுமையாக்கும் வரிகளும் கலந்திருந்தன. கணினி எழும்பும்போது ஒருமுறை நடக்க வேண்டியது, ஒவ்வொருவர் வரும்போதும் நடந்திருக்கிறது. இரண்டையும் பிரித்தேன். இரு திரைகளும் ஒன்றையொன்று தொடாமல் ஓடின. மேசைக்காரர் கைதட்டினார். இளையவனுக்காகத் தொடங்கியதில் மூத்தவளின் சொற்களையும் வெறுமையாக்கிவிட்டோமே என்று அப்போதுதான் உறைத்தது. நான் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன்.

"இஞ்சருங்கோ, அவளோட பழையபடி தமிழ் கதைப்பம்," என்றேன் வீட்டுக்கு வந்ததும். "டொச் இவனோட மட்டும் இருக்கட்டும்."

"டொக்டர் சொன்னவர் எல்லே?"

"அவர் இப்ப பிறந்த பிள்ளைக்குத்தான் சொன்னவர்."

அப்படித்தான் சொன்னாரா என்று எனக்கு நிச்சயமில்லை. கணவர் எழும்பிப் போய்க் கிளாசில் தண்ணீர் எடுத்து வந்தார். "ஓம்" என்றார். பிறகு மகளிடம் குனிந்து, "குஞ்சு, தண்ணி வேணுமே?" என்று கேட்டார். அவள் எங்கள் இருவரின் வாயையும் மாறி மாறிப் பார்த்தாள். கையை நீட்டினாள்.

இப்போது அவளுக்கு ஐந்து வயது; அடுத்த ஆண்டு பள்ளிக்கூடம். தம்பியின் காதில் ஜேர்மனில் ஏதோ முணுமுணுக்கிறாள். எங்களிடம் எந்த மொழியிலும் பேசுவதில்லை. நாங்கள் தமிழில் கதைத்துக்கொண்டே இருக்கிறோம்; அவள் கேட்காமலே தண்ணீர் கொடுக்கிறேன். அது உதவுகிறதா, அவளை இன்னும் ஊமையாக்குகிறதா என்று தெரியவில்லை. வெளிநாட்டில் பிள்ளை வளர்த்தவர்கள் சொல்லுங்கள்: அவளிடம் ஒரு சொல்லைக் கேட்டுக் காத்திருக்கலாமா, அல்லது ஒன்றும் கேட்காமலே இருக்க வேண்டுமா?