காலிஞ்சு அக்கா தைத்த போர்வை

காலிஞ்சு அக்காவுக்கு அந்தப் பெயரை வைத்தவள் தையல் கூடத்தில் எதிர் மிஷினில் உட்காரும் பட்டன்காரி. வைத்ததில் தப்பில்லை. துண்டுத் துணிகளை இணைத்து ஒட்டுப் போர்வை தைக்கிற கூடம் அது. கீழே அச்சாபீஸ், மேலே ஆறு மிஷின், நடுவில் ஒரு நீள மேசை. கீழே அச்சு ஓடினால் மேலே ஊசி டப்பா தானாக நகரும். முக்கோணமும் சதுரமுமாக வெட்டிய துண்டுகளைச் சேர்த்தால் ஒரு கட்டம், கட்டங்களைச் சேர்த்தால் ஒரு போர்வை. எந்தத் துண்டானாலும் தையலுக்கு வெளியே கால் இஞ்சு துணி விட்டே ஆக வேண்டும். குறைத்து விட்டாலும் கட்டம் பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும். இரண்டு சலவையில் வாயைப் பிளந்துவிடும். யார் தைத்த கட்டமானாலும் அக்கா புரட்டுவாள், ஸ்கேலை வைப்பாள், குறைந்திருந்தால் ஒரு வார்த்தை பேசாமல் பிரித்துப் போடுவாள்.

"உனக்குப் புருஷன்னு ஒருத்தன் இருந்திருந்தா அவனையும் புரட்டிப் போட்டு அளந்திருப்பே" என்பாள் பட்டன்காரி.

"அதுக்குப் பயந்துதானே ஒருத்தனும் இந்தப் பக்கம் வரல" என்று அக்கா நூலைக் கடித்துத் துப்புவாள்.

உண்மை வேறு. அம்மா இறந்தபோது அக்காவுக்குப் பதினாறு, தங்கைக்கு ஐந்து. அப்பா என்று சொல்லிக்கொள்ள ஆள் இல்லை. அக்கா இதே கூடத்தில் தரை பெருக்க வந்தாள். பெருக்கிய துண்டுகளை மடியில் கட்டிக்கொண்டு போய்த் தங்கைக்குச் சட்டை தைத்தாள். பள்ளிக்கூடத்தில் "ஒட்டுச் சட்டை, ஒட்டுச் சட்டை" என்று கேலி செய்தார்கள். தங்கை இரண்டு பேரைக் கடித்து வைத்தாளே தவிர சட்டையைக் கழற்றவில்லை. அந்தத் தங்கைக்காகவே அக்கா தன் கல்யாணப் பேச்சையெல்லாம் தட்டிக்கழித்தாள். தங்கை ஒரு லாரி டிரைவரைக் கட்டிக்கொண்டாள், ஒரு பெண்ணைப் பெற்றாள், பிள்ளைக்கு எட்டு மாதம் ஆனபோது காய்ச்சலில் விழுந்தாள். பதினோரு நாள் ஆஸ்பத்திரி. பன்னிரண்டாம் நாள் கட்டில் காலி.

டிரைவர் மாதத்தில் மூன்று வாரம் சாலையில். பிள்ளை அக்காவிடம் வந்துவிட்டது. மிஷினுக்கு அடியில் கூடையில் கிடந்து, மிதி சத்தத்தில் தூங்கி, மேசைக் காலைப் பிடித்து நடை பழகி, நாலு வயது வரைக்கும் அக்காவை அம்மா என்றுதான் கூப்பிட்டது. அக்கா அதைத் திருத்தவில்லை. திருத்தியிருக்க வேண்டும், மனசு வரவில்லை.

பிறகு டிரைவர் லாரியை விட்டான். உள்ளூரிலேயே தண்ணீர் வண்டி ஓட்டும் வேலை கிடைத்தது, பேக்கரியில் வேலை பார்க்கும் ஒருத்தியைக் கல்யாணமும் செய்துகொண்டான். ஒரு நாள் அக்கா வீட்டு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றான்.

"புள்ளய கூட்டிட்டுப் போறேங்க்கா. வர்ற மாசம் ஒண்ணாந்தேதி."

"ராத்திரியில எங்கூடதான் தூங்கும், தம்பி."

"பழகிரும். மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை வந்து பாத்துட்டுப் போங்க. சண்டை மட்டும் வேணாம். உங்க வாயி எனக்குத் தெரியும். ஒரு தடவ சத்தம் கேட்டாலும் அதோட நிறுத்திருவேன்."

அக்கா தலையாட்டினாள். மாதத்தில் ஒரு ஞாயிறு. அவளுக்கு மிஞ்சியது அவ்வளவுதான்.

அன்றே பெட்டியைத் திறந்து தங்கையின் உடுப்புகளை வெளியே எடுத்தாள். மூன்று சட்டை, ஒரு பாவாடை, நீலத்தில் ஒரு நீள அங்கி. இருபத்து நான்கு நட்சத்திரக் கட்டம் இருந்தால்தான் பிள்ளையைத் தலையிலிருந்து கால் வரை மூடும். வெட்டுவதற்கு முன் அளவு அட்டையை வைத்துக் கோடு போட்டுப் பார்த்தாள். எப்படித் திருப்பி வைத்தாலும் இருபதுக்கு மேல் வரவில்லை.

"உன் சட்டை ஒண்ணை வெட்டிச் சேரேன்" என்றாள் பட்டன்காரி. "செத்தவ துணி மட்டுந்தான் போர்த்தணும்னு என்ன? இருக்கிறவ துணியும் நாலு துண்டு கிடக்கட்டுமே."

"இதுல வேற துணி ஒரு நூல்கூடச் சேரக் கூடாது."

"பிடிச்சா பிடிதான் உனக்கு."

பிடிதான். அக்கா வீட்டில் உட்கார்ந்து வேறு அட்டை வெட்டினாள். கால் இஞ்சு விட வேண்டிய இடத்தில் அதில் பாதி. கை ஒரு நிமிஷம் நின்றது. நம் தையல் நெருக்கம், தாங்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இருபத்து நான்கும் வந்தது. பஞ்சை வைத்து அடித்துணியைச் சேர்த்து மூடினாள். உள்பக்கம் இனி யார் கண்ணிலும் படாது.

பிள்ளை போர்வையைச் சுற்றிக்கொண்டே வண்டியில் ஏறியது. முதல் ஞாயிறு அக்கா போனபோது அழுதது. இரண்டாவது ஞாயிறு பேசாமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. "பெரியம்மா" என்றது. யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

மூன்றாவது ஞாயிற்றுக்கு முன்பே, ஒரு மத்தியானம், பேக்கரிக்காரி அக்கா வீட்டுக்குத் தனியாக வந்தாள். கையில் ஒரு பை.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. போர்வை விட்டுப்போச்சு. இது இல்லாம கண்ணை மூட மாட்டேங்குது. கொஞ்சம் தைச்சுக் குடுத்தீங்கன்னா..."

அக்கா பையைக் கவிழ்த்தாள். பதினோரு நட்சத்திரங்கள் கிழிந்து பஞ்சு தொங்கியது.

"வாஷிங் மிஷின்ல போட்டியா?"

"புள்ள பாலைக் கொட்டிருச்சு. ரெண்டே தடவதான்..."

"என் தங்கச்சி துணின்னதும் கை தானா இழுத்துக் கிழிச்சுச்சாக்கும். அவ வீட்டுக்குள்ள வந்துட்டே, அவ புள்ளயவும் எடுத்துக்கிட்டே, ஒரு போர்வை கூடவா உன் கண்ணை உறுத்துச்சு?"

மாடிப்படியில் நாலு கதவு திறந்தது. பேக்கரிக்காரி போர்வையை அப்படியே விட்டுவிட்டு, முகம் வெளுத்துப் படியிறங்கினாள். சாயங்காலம் டிரைவர் போன் செய்தான். "சொன்னேன்லக்கா. இனிமே வராதீங்க." போனை வைத்துவிட்டான்.

மறுநாள் போர்வையைக் கூடத்துக்குத் தூக்கிப்போய் நீள மேசையில் விரித்தாள். பட்டன்காரி பிளந்த இடத்தில் விரலை விட்டுத் துணியைப் புரட்டினாள்.

"எவ தைச்சது இது? பாதிதான் விட்டிருக்கா. கையை ஒடிக்கணும்."

அக்கா ஸ்கேலை எடுத்து வைத்துப் பார்த்தாள். பார்க்க என்ன இருக்கிறது, தெரிந்த கணக்குதான்.

"நான்தான்" என்றாள்.

மற்ற நாலு மிஷினும் நின்றன. பட்டன்காரி தையல் பிரிக்கும் கத்தியை எடுத்துக்கொண்டு மறுமுனையில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் இருபத்து நான்கு கட்டத்தையும் பிரித்தார்கள். நாலு கட்டங்களின் ஓரம் நைந்து நூலாகப் போயிருந்தது. தையல் பிடிக்க இடமே இல்லை. மற்ற இருபதிலும் கால் இஞ்சு உள்ளே தள்ளிப் பிடித்ததில் நட்சத்திரங்களின் முனையெல்லாம் மொட்டையாயின. குறைந்த நாலுக்கு அக்கா தன் பழுப்புச் சட்டையை வெட்டினாள். பட்டன்காரி அதைப் பார்த்தாள். "சொன்னேன்ல" என்று அன்றைக்கு அவள் சொல்லவில்லை.

போர்வை எல்லாப் பக்கமும் சுருங்கிவிட்டது. இனி பிள்ளையின் கால் வெளியே நிற்கும்.

மூன்றாவது ஞாயிறு அக்கா போனாள். வராதே என்றவன் வீட்டுக்குத்தான் போனாள். டிரைவர் கதவைப் பாதி திறந்து குறுக்கே நின்றான்.

"வர வேணாம்னு சொன்னேன்."

"உள்ள வரல தம்பி. இதைக் குடுத்துட்டுப் போயிடுறேன்." பின்னால் நின்ற பேக்கரிக்காரியைப் பார்த்துச் சொன்னாள்: "கிழிஞ்சதுல உன் தப்பு ஒண்ணும் இல்லம்மா. நான் விட வேண்டிய துணிய விடல. எந்தக் கை துவைச்சிருந்தாலும் பிரிஞ்சிருக்கும்."

அந்தப் பெண் ஓர் அடி முன்னால் வந்தாள். "இப்ப எப்படித் துவைக்கிறதுக்கா?"

"எப்படி வேணா துவை. தாங்கும்."

டிரைவர் பையை வாங்கிக்கொண்டான். "சரிக்கா" என்றான், கதவைச் சாத்தினான். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது. அக்கா கதவுக்கு வெளியே நின்றாள்.

உள்ளே பிள்ளை கேட்டது: "யாரும்மா அது?"

"உன் போர்வை வந்திருக்குடி" என்றாள் பேக்கரிக்காரி.

அக்கா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். அடுத்த மாதத்து ஞாயிறும் போனாள், அதற்கடுத்த மாதமும். கதவு திறக்கவில்லை. இரண்டு தடவையும் பால்கனிக் கொடியில் போர்வை காய்ந்துகொண்டிருந்தது. தெருவில் நின்று அண்ணாந்து எண்ணினாள். இருபத்து நான்கு. ஒரு தையலும் விடவில்லை.