ஆறு மணி வரை போன் இல்லை

சுயம்புலிங்கம் அண்ணாச்சிக்கு உட்காரத் தெரியாது. தி. நகரில், ரங்கநாதன் தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில் அவருடைய பாத்திரக்கடை. முதலாளிக்கென்று அங்கே ஒரு நாற்காலி உண்டு. இருபது வருடமாக அதில் வாடிக்கையாளர்களின் பைகள்தான் உட்கார்ந்திருக்கின்றன. அவர் நின்றுகொண்டே சாப்பிடுவார், நின்றுகொண்டே குக்கருக்கு மூடி பொருந்துகிறதா என்று பார்ப்பார். வாசலில் தயங்குகிற ஆள் வாங்க வந்தவரா, வேடிக்கை பார்க்க வந்தவரா என்று கடைசி அலமாரி ஓரத்திலிருந்தே சொல்லிவிடுவார்.

போன வருடம் சர்க்கரை வந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். நடேசன் பூங்காவைச் சுற்றக் கிளம்பியவர், வழியிலிருந்த கடைகளில் ஏறி இட்லிச் சட்டி என்ன விலை போடுகிறார்கள் என்று விசாரித்துவிட்டுப் பூங்காவைப் பார்க்காமலே திரும்பிவிட்டார். அதன்பிறகுதான் மகள் தீபிகா அவரைத் தன் தோழியின் சித்தப்பா ஆண்டனியிடம் சேர்த்துவிட்டாள்.

ஆண்டனிக்குப் பட்டினப்பாக்கத்தில் மீன் வியாபாரம். செவ்வாய்க்கிழமை பாதி ஊர் மீன் வாங்காது. அன்றைக்கு மீன் வண்டியைக் கழுவி, ஐந்தாறு சைக்கிள்களையும் கூட வருகிறவர்களையும் ஏற்றிக்கொண்டு செங்கல்பட்டு தாண்டிப் பாலாற்றங்கரைக்குப் போவார். எவ்வளவு கழுவினாலும் சைக்கிள் சீட்டில் லேசாக வஞ்சிரம் மணக்கும். அவருக்கு ஒரே சட்டம்தான்: பஸ், லாரி வருகிற பாதையில் மிதிப்பதில்லை. கரும்புக்கும் நெல்லுக்கும் நடுவில், ஏரிக்கரை மேல், ஆற்றோரம் என்று நாள் முழுக்க ஒரு ஹாரன் சத்தம்கூடக் கேட்காமல் சுற்றிவிட்டு வருவார்கள்.

அண்ணாச்சிக்கு அந்த அமைதி ஒத்துவரவில்லை. ஒரு கை ஹேண்டில் பாரில், இன்னொரு கை சட்டைப்பையில். பத்து நிமிடத்துக்கொரு தரம் கடைக்குப் போன். யார் போணி பண்ணினது, வந்தது ஆணா பெண்ணா, என்ன வாங்கினார்கள். பட்டப்படிப்பு முடித்து ஒரு வருடமாகத் தீபிகா கடையில் இருந்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை அவள் டிபன் பாக்ஸ்களை வாசலுக்குக் கொண்டுவந்தாள். அண்ணாச்சி கரும்புத் தோட்டத்து நடுவில் நின்று போனிலேயே அவற்றை உள்ளே தள்ளி, குத்துவிளக்குகளைப் பழைய இடத்தில் வைக்கச் செய்தார்.

பிறகு பெங்களூரிலிருந்து ஒரு கம்பெனி அவளை வேலைக்குக் கூப்பிட்டது. அவள் பதில் எழுதவில்லை. காலை தோசைக்கு முன்னால் அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னாள்.

“எனக்குக் கடைதான் பிடிச்சிருக்குப்பா. ஆனா அது என் கடையா இருக்கணும். வர்ற செவ்வாய் நீங்க சைக்கிள்ல போங்க. சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் கடை எப்படி ஓடுதுன்னு விசாரிக்கக் கூடாது. தாங்கிட்டீங்கன்னா நான் இங்கயே இருக்கேன். இல்லன்னா பெங்களூரு.”

“இது என்னட்டி பெரிய விஷயம்?” என்றார் அண்ணாச்சி, நின்றுகொண்டே.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஏழரைக்கெல்லாம் பாலாற்றங்கரையில் மிதிக்க ஆரம்பித்தார்கள். ஆற்றில் மணல்தான், நடுவில் ஒரு கோடு போல் தண்ணீர். கரையெல்லாம் அறுவடை முடிந்த வயல், கொக்குகள். அண்ணாச்சி எல்லோரையும் முந்திக்கொண்டு போனார்.

“இன்னா அண்ணாச்சி, ரயிலுக்கா போற?” என்று ஆண்டனி பின்னாலிருந்து கத்தினார். “கொக்கப் பாரு நைனா!”

“பாத்தாச்சு, பாத்தாச்சு.”

வேகமாக மிதிக்கிறவரை மனசு சும்மா இருந்தது. ஒன்பதரைக்குக் கடை திறந்திருக்கும். மிதித்தார். பத்துக்குப் போணி ஆகியிருக்க வேண்டும். இன்னும் மிதித்தார். பதினொரு மணி தாண்டி ஒரு சின்ன கிராமத்து ரோட்டில் திரும்பியபோது, தார் தெரியாதபடி ஓரத்துக்கு ஓரம் நெல் காயப் பரப்பியிருந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை நெல்தான்.

“யோவ், எறங்கு! நெல்லு மேல வண்டிய வுடாத!” தலையில் துண்டு கட்டிய ஒரு பெண் புளியமரத்தடியிலிருந்து எழுந்து வந்தாள். முத்தம்மா என்று பெயர், நெல் அவளுடையது.

ஆண்டனி சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓரத்து வரப்பில் இறங்கினார். “வண்டி வராத ரோடு வோணும்னு நாம தேடிக்கினு வந்தோம். வண்டி வரலைன்னா அது அவங்களுக்குக் களம். பொறுமையா வா அண்ணாச்சி.”

அண்ணாச்சிக்கு வரப்பில் ஓட்ட முடியவில்லை. தள்ளவும் முடியவில்லை. மற்றவர்கள் முன்னே போய்விட்டார்கள். கால்கள் நின்றதும் கடை வந்து மண்டையில் ஏறிக்கொண்டது. கடைக்குப் பேசினால்தானே தப்பு? கடைக்கு எதிரே குடை, பை விற்கிற வலியுல்லா பாயிடம் உடம்பு எப்படி என்று கேட்டால்? பாய்க்குப் போன வாரம் முதுகுவலி. கேட்காமல் இருப்பதுதான் தப்பு.

“பாய், முதுகு எப்படி இருக்கு?”

“இருக்கு அண்ணாச்சி. இன்னா, இந்நேரத்துல?”

“சும்மாதான். அங்க என்ன ஒரே சத்தமா இருக்கு? எதுத்தாப்புல கூட்டமா?”

மறுமுனையில் போன் கை மாறும் சத்தம் கேட்டது.

“அப்பா,” என்றாள் தீபிகா. “மணி பதினொண்ணு இருபது.”

அண்ணாச்சி சைக்கிளை வரப்பில் போட்டுவிட்டு நெல்லில் ஏறி நடக்க ஆரம்பித்தார். “நான் பாய் முதுகப் பத்தி…”

“நீங்க என்னைக் கூப்பிட மாட்டீங்க, பாயைத்தான் கூப்பிடுவீங்கன்னு காலையிலயே அவர்கிட்ட சொல்லி வச்சேன். டிபன் பாக்ஸ வாசலுக்குக் கொண்டுவந்துட்டேன்ப்பா. ஸ்கூல் பிள்ளைங்களோட அம்மாக்கள் நிக்க இடமில்லாம நிக்கிறாங்க. அந்தச் சத்தம்தான்.”

அவர் உற்றுக் கேட்டார். இருபது வருடமாகக் காதில் விழுந்த சத்தம். வாங்க வந்தவர்களின் சத்தம். அவள் சரியாகத்தான் செய்திருக்கிறாள்.

“இன்னொரு செவ்வா பாப்பம்ட்டி.”

“இல்லப்பா. நான் ஒண்ணாந்தேதி சேருறேன்னு இப்பவே எழுதப் போறேன். இன்னைக்கு முழுக்க நீங்க பேசாம இருந்திருந்தா எழுதியிருக்க மாட்டேன்.”

அண்ணாச்சி ரோட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு நடந்தார், திரும்பினார், மறுபடி நடந்தார். “ஹாஸ்டலா, தனி வீடா? கூட யாரு? தண்ணி நல்லா வருமா? அங்க போனா நான் போன் பண்ணலாமா?”

“ஒரு நாளைக்கு ஒரு தடவை.”

“ரெண்டு.”

“நம்ம கடையில ‘ஒரே விலை’ன்னு போர்டு மாட்டினது யாருப்பா?”

மாட்டினது அவர்தான். அதற்குள் யாரோ அவளை “அக்கா” என்று கூப்பிட, போன் நின்றது.

முத்தம்மா இடுப்பில் கை வைத்து அவர் நடந்த தடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நெல்லில் குறுக்கும் நெடுக்குமாக, உழுத சால் போலக் கால் தடங்கள் விழுந்திருந்தன. அடியிலிருந்த ஈர நெல் மேலே வந்திருந்தது.

“மன்னிச்சுக்கம்மா, தெரியாம…”

“அடி நெல்லு காயறதுக்குக் காலாலதான்யா நாங்களும் கிண்டுவோம். கிண்டுறது கிண்டுற, ஒழுங்கா கோடு கோடா கிண்டு. செருப்பக் கழட்டு மொதல்ல.”

அண்ணாச்சி செருப்பைக் கழற்றினார். போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, சுடுகிற நெல்லில் காலை இழுத்து இழுத்து, ரோட்டின் மறுகோடியை நோக்கி நடந்தார்.