வாள் இல்லாத குஞ்சம்

என்னிடம் வாள் ஒன்றுகூட இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எங்கள் ஊர் கண்டாவளையில் பாதிப் பேர் வேறு மாதிரிக் கதைக்கிறார்கள். என்னிடம் இருப்பவை வாளோடு சேர்ந்த சாமான்கள்தான்: வெள்ளைக்கார அதிகாரிகள் அணிவகுப்புக்குக் கட்டிய இடுப்புப்பட்டிகளின் கொளுக்கிகள், வாளுறையின் பித்தளை வளையங்கள், பிடியில் தொங்கவிடும் சரிகைக் குஞ்சங்கள். எல்லாம் வவுனியாவில் பழைய சாமான் கடைகளில் கிளறி எடுத்தவை. மலைநாட்டில் தேயிலைத் தோட்டத்துத் துரையின் பங்களாவில் அப்பா இப்படிப்பட்டவற்றைத்தான் துலக்கினார். துலக்கி வைத்ததும் அவர் கையை எடுத்துவிட வேண்டும். நான் எடுக்கமாட்டேன்.

அண்ணனுக்கு இதைக் கண்ணிலும் காட்டக்கூடாது. யுத்த காலத்திலிருந்தே எங்கள் பக்கத்தில் பட்டாளத்துச் சாமான் எது கிடைத்தாலும், சோதனையில் அகப்படாமல் கிணற்றில் போட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வதுதான் வழக்கம். அந்தப் பயத்தை நான் கேலி செய்யவில்லை, நானும் போட்டவள்தான். இனிப் போடுவதாக இல்லை.

மகள் பெரியபிள்ளையாகி, சாமத்தியச் சடங்கு நெருங்கியபோது அண்ணன் வந்து நின்றார்.

"சனம் வரப்போகுது. உந்த ஆமிச் சாமானெல்லாத்தையும் கிணத்துக்குள்ள போடு. இல்லையெண்டால் தாய்மாமன் எண்டு நான் வந்து நிக்கமாட்டன்."

தாய்மாமன் இல்லாமல் என்ன சடங்கு?

"போடமாட்டன் அண்ணை. வாறதும் வராததும் உங்கட விருப்பம்."

சடங்கன்று வந்தார், முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு. உள்ளே மகளுக்கு அலங்காரம் செய்யப் பரந்தனிலிருந்து வந்த பெண், தலைக்குஞ்சத்தைத் தேடி அலுமாரியைத் திறந்திருக்கிறாள். மினுங்கிய ஒன்றை எடுத்துப் பின்னலின் நுனியில் கட்டிவிட்டாள். மகள் வெளியே வந்தபோதுதான் கண்டேன். அது என் சரிகைக் குஞ்சங்களில் ஒன்று.

அண்ணனும் கண்டார். "குஞ்சம் நல்ல வடிவாயிருக்கு. எங்க வாங்கினனீ?"

பொய் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்ல வேண்டும்?

"ஒரு துரையின்ர வாளில தொங்கினது அண்ணை. நீங்கள் கிணத்துக்குள்ள போடச் சொன்னது."

மகள் பின்னலைப் பிடித்துக்கொண்டு, "கழட்டவோ அம்மா?" என்றாள்.

"கழட்டாத. அம்மப்பா துலக்கினதெல்லாம் ஆரோ துரையின்ர இடுப்பில தொங்கினது. இது உன்ர முதுகில தொங்கட்டும்."

அண்ணன் சரிகையைத் தொட்டுப் பார்த்தார். விரல்களை உடனே எடுக்கவில்லை.

"முதுகில ஏன் பிள்ளை? பின்னலை முன்னுக்கு எடுத்து விடு. வீடியோவில தெரியட்டும்."