பங்கு போட்ட மாத்திரை

1958, நோன்புப் பெருநாள் கழிந்த வாரம். மணமேல்குடிப் பக்கம் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போய்க்கொண்டிருந்த என் மச்சானின், அதாவது அக்கா கணவரின், வலது உள்ளங்கையை வலைக்கயிறு அறுத்துவிட்டது. டவுன் ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களின் நரம்பைச் சேர்த்துத் தைத்தார்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் எங்களிடம் ஒரு சீசா மாத்திரை கொடுத்தார். தினமும் விரல்களை மடக்கி நீட்ட வேண்டும், இல்லாவிட்டால் வளைந்தபடியே நின்றுவிடும், பிறகு கயிறு பிடிக்க முடியாது என்றார். அந்த வலியைப் பொறுக்கத்தான் மாத்திரை. அபின் சேர்ந்தது, வேறு யாரும் தொடக்கூடாது என்றும் சொன்னார்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை மச்சான் வீட்டுக்குப் போனேன். சீசா காலி. எல்லாவற்றையும் விழுங்கிவிட்டார் என்று நினைத்தேன். ஆனால் மச்சான் பல்லைக் கடித்தபடி விழித்துத்தான் இருந்தார். இரண்டு விரல்களும் தூண்டில் முள்ளாய் வளைந்திருந்தன.

கேட்டேன். வள்ளத்தில் போகிற மற்ற நாலு பேருக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டாராம். எல்லோருக்கும் இடுப்பு வலி, தோள் வலி. காயம்பட்டுப் படுத்தவனுக்கும் மீனில் பங்கு வைப்பது அந்த வள்ளத்து வழக்கம்.

"எம் பங்கு நாள் தவறாம வாசலுக்கு வருது மாப்ள. இத மட்டும் நான் தனியா திங்கவா?"

அப்போது அக்கா ஓடி வந்தாள். வள்ளத்துத் தண்டல், அவர்களை நடத்திப் போகிற மூச்சிளைப்பு உள்ள கிழவர், எழுப்பினால் எழவில்லையாம்.

ஓடினோம். உதடு நீலம் பாய்ந்திருந்தது. ஒரு மூச்சு விட்டால் அடுத்தது வருமா என்று காத்திருக்க வேண்டியிருந்தது. தன் பங்கை மொத்தமாக விழுங்கியிருந்தார். கம்பவுண்டர் வந்து ஊசி போட்டார். உலுக்கிக்கொண்டே இருக்கச் சொன்னார். பிற்பகல் அசர் தொழுகைக்குப் பாங்கு சொன்ன நேரத்தில்தான் கிழவர் கண்ணைத் திறந்தார்.

மறுநாள் தண்டல் தள்ளாடியபடி மச்சான் வீட்டுக்கு வந்தார். கட்டிலில் உட்கார்ந்து அவர் கையைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்.

"மாத்திரையத்தான் தின்னுட்டோம். நீ கத்து. நான் நீட்டுறேன்."

மச்சான் கத்தினார். நான் வெளியே வந்துவிட்டேன். அந்தச் சத்தம் தெருமுனைவரை கேட்டது. நால்வரும் முறைவைத்து மழைக்காலம்வரை நீட்டினார்கள். ஒரு விரல் நிமிர்ந்தது, மற்றது நிமிரவில்லை. நிமிர்ந்ததை வைத்து மச்சான் கயிறு பிடித்தார்.