தண்ணீர் வற்றும் மாதம்

மொட்டைமாடியில் விரிப்புகளைக் காயப்போட்டு முடித்ததும் அவள் சற்று நேரம் அசையாமல் நிற்பாள். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் சேர்ந்த பதினான்கு வருடமாக இதே பழக்கம். தண்ணீர்த் தொட்டிமேல் வந்து உட்காரும் கொக்கு அவளைக் கண்டு பறப்பதே இல்லை.

பெரிய சதுப்புநிலத்தைப் பார்க்க வேண்டும் என்று அவள் வாய்விட்டுக் கேட்டது ஒரே ஒருமுறைதான். உடனே கணவர் அங்குள்ள படகுக்காரருக்கு போன் போட்டு, மழைக்கால விடுமுறையில் வருவதாகச் சொன்னார். படகுக்காரர் வேண்டாம் என்றார்.

"மழையில வந்தா வெறும் தண்ணியத்தான் பாப்பீங்க. கோடையில வாங்க. மிச்சமிருக்கிற குட்டையிலதான் நாரை, நீர்நாய், முதலை எல்லாம் வந்து கூடும்."

கோடையில்தான் ஆஸ்பத்திரிக் கம்பளிகளை எல்லாம் துவைப்பார்கள். அப்போது யாருக்கும் லீவு கிடையாது.

கணவர் சிரித்தார். "போச்சு போ. மேடத்துக்கு வணக்கம் வைக்கவே உனக்கு வாய் வராது. லீவு கேக்கப்போறியாக்கும்!"

மறுநாள் காலை அவள் மேற்பார்வையாளர் மேடத்தின் மேசைமுன் போய் நின்றாள். அங்கிருந்து நகரவில்லை.

"என்னம்மா, தூணாட்டம் நிக்கிறே?"

"கோடையில எட்டு நாள் லீவு வேணும் மேடம்."

"கம்பளிய யாரு துவைப்பா? உன் கொக்கா?"

"ஒவ்வொரு வார்டா இப்பவே ஆரம்பிச்சு, எல்லாத்தையும் நானே முடிச்சுத் தர்றேன்."

"முடிக்கலைன்னா?"

"போகமாட்டேன்."

மேடம் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, விடுப்புப் பதிவேட்டை அவள் பக்கம் தள்ளினார்.

இன்றைய தேதிக்கு நான்கு வார்டுக் கம்பளிகள் துவைத்து மடித்தாயிற்று. இன்னும் இரண்டு வார்டு பாக்கி. படகில் இருவருக்கு இடம் சொல்லியாயிற்று.