இன்பநாதனுக்கு அடிக்காத ஹார்ன்

நட்புப் போட்டி என்று பெயர் வைத்த புண்ணியவான் மட்டும் என் கையில் கிடைத்தால், அந்த ஏரியிலேயே முக்கி எடுப்பேன். நட்பாம் நட்பு! ஆகஸ்ட் மாதம் அணை நிரம்பி, காற்றும் நன்றாக அடிக்கிற சமயமாகப் பார்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் கிளப்பில் பாய்ப்படகுப் போட்டி நடக்கும். அதற்கு முந்தைய இரண்டு மாதமும் என் வீட்டில் நிம்மதி இருக்காது. ஏனென்றால் அதை நடத்துகிறவர் என் வீட்டுக்காரர்.

பெயர் இன்பநாதன். சிஞ்ச்வட்டில் கார் உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. நூலிழை பிசகினாலும் சாமானைத் தூக்கி ரிஜெக்ட் டப்பாவில் போட்டுவிடுவார். வீட்டிலும் அதே கதைதான். சப்பாத்தி கொஞ்சம் கோணினால், "இது எந்த ஊரு மேப்பு?" என்று தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். எங்கள் மாமனார் தெற்கே நாசரேத்திலிருந்து கிளம்பி, இந்த மராத்தி தேசத்தில் தாபோடியில் ராணுவ இன்ஜினீயரிங் கல்லூரியின் ஸ்டோரில் வேலைக்கு வந்தவர். இவர் பிறந்து வளர்ந்ததெல்லாம் தாபோடிதான். பட்டாளத்துக்காரர்கள் படகு விடுவதைக் கரையில் நின்று பார்த்துப் பார்த்தே சின்ன வயதில் பித்துப் பிடித்துவிட்டது. 1991இல் கடக்வாஸ்லா ஏரிக்கரையில் நாலைந்து பேர் சேர்ந்து இந்தக் கிளப்பை ஆரம்பித்தபோது, சம்பளத்தைக்கூட என்னிடம் கொடுக்காமல் நேராகப் போய் உறுப்பினரானார்.

அவர் போனது படகு விடத்தான். ஆனால் முதல் வருஷப் போட்டியில் எல்லோருக்கும் படகு விட ஆசை, நடுவராக நிற்கத்தான் ஆளில்லை. கிளப் செயலாளர் பத்மநாபன், ரிட்டையரான பேங்க் மேனேஜர், வாயில் சர்க்கரை தடவிக்கொண்டு பேசுகிற மனுஷன், "இன்பநாதன் கரெக்டான ஆளு. அவர் பாத்துண்டா ஒரு சண்டை வராது" என்றார். எங்கள் வீட்டு அப்பாவி அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டது. அன்றைக்குத் தலையில் ஏறிய மூட்டை இறங்கவே இல்லை.

மூட்டை என்றால் சும்மாவா? திருப்பம் காட்ட ஏரியில் மிதக்கவிடும் டிரம்களைப் பக்கத்து ஊர்க்காரர்கள் குளிக்கத் தண்ணீர் பிடித்து வைக்கத் தூக்கிப்போய்விடுவார்கள். வீடு வீடாகப் போய் மராத்தியில் கெஞ்சி மீட்டு வர வேண்டும். பாசனத் துறையில் அனுமதி வாங்கப் போனால் சாஹேப் எப்போதும் சைட்டுக்குப் போயிருப்பார். காலை டிபனுக்கு இட்லியா, இந்த ஊர் அவல் போஹாவா என்று ஒரு கூட்டம் போட்டு, அது அடிதடி அளவுக்குப் போய், கடைசியில் இரண்டும் செய்வது என்று முடிவாகி, இட்லிக்கு மாவரைக்கும் வேலை என் தலையில் விழும். "நீங்க ரேஸ் நடத்துதீங்களா, கல்யாணம் நடத்துதீங்களா?" என்று கேட்டால், "கல்யாணத்துல மாப்பிள்ளையாவது பந்தியில உக்காருவான், மணி" என்பார். என் பெயர் ஆரோக்கியமணி. கட்கி பள்ளிக்கூடத்தில் டீச்சர், பிள்ளைகள் என் குரலுக்கே நடுங்கும். இவர் ஒருத்தர்தான் நடுங்கமாட்டார்.

போட்டி முடிகிற இடத்தில் ஒரு தட்டைப் படகை நங்கூரம் போட்டு நிறுத்துவார்கள். அதில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு குடை, ஒரு ஹார்ன். ஜூனா பஜாரில் இவர் தேடிப்பிடித்து வாங்கிய பழைய ரிக்‌ஷா ஹார்ன் அது, ரப்பர் பந்தை அமுக்கினால் பாம்ப் என்று அலறும். எதிரே கொஞ்ச தூரத்தில் ஓர் ஆரஞ்சு டிரம். இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு இருப்பதாக நாம் நினைத்துக்கொள்ள வேண்டும். படகின் மூக்கு அந்தக் கோட்டைத் தொட்டதும் இவர் ஹார்ன் அடிப்பார். அடித்தால்தான் முடித்ததாகக் கணக்கு.

1996இல் இந்தப் பத்மநாபன்தான் முன்னால் வந்தார். கோட்டுக்கு ஒரு முழம் இருக்கும்போது காற்று செத்துவிட்டது. ஜெயித்துவிட்டதாக நினைத்துக் கையைத் தூக்கி ஆட்டிவிட்டுப் படகைத் திருப்பிக்கொண்டார். பின்னால் வந்தவன் ஒழுங்காகத் தாண்டினான். கரையில் ஒரே ரகளை. இவர் அசையவில்லை. "ஹார்ன் அடிச்சுதா சார்?" என்று கேட்டார்.

"அடிக்கலை. ஆனா எல்லாரும் பாத்தாளே!"

"அடிக்கலைன்னா முடிக்கலை."

அவ்வளவுதான். பத்மநாபன் அந்தத் தீபாவளிக்கு எங்களுக்கு இனிப்பு அனுப்பவில்லை. அதன்பிறகு கிளப்பில் அதுவே கேலிப் பேச்சாகிவிட்டது. ஒருத்தன் சாப்பிட்டு எழுந்தால், "ஹார்ன் அடிச்சுதா?" என்பார்கள். இவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

கிளப் கூடத்தில் ஒரு மரப்பலகை இருக்கிறது. வருஷா வருஷம் ஜெயித்தவர் பெயரை வெள்ளைப் பெயிண்டில் எழுதுவார்கள். யார் எழுதுவது? இவர்தான். கையெழுத்து அழகு. எல்லோர் பெயரையும் எழுதினார், தன் பெயரை எழுத வழியே இல்லை. அதை ஒரு நாளும் குறையாகச் சொன்னதில்லை. பெயிண்ட் காயும்வரை பலகைக்கு முன்னால் சும்மா நின்றுகொண்டிருப்பார். பார்க்கிற எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

2003இல் முழங்கால் கைகொடுக்கவில்லை. டாக்டர் எக்ஸ்ரே பிலிமைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, செப்டம்பரில் ஆபரேஷன், அதன்பிறகு காலை மடக்கி உட்காருகிற சோலியே கூடாது என்றுவிட்டார். பாய்ப்படகில் காலை மடக்காமல் உட்கார முடியாது. ஆஸ்பத்திரிப் படியிறங்கும்போது இவர் மெதுவாக, "ஆகஸ்ட் இன்னும் இருக்குல்லா?" என்றார். எனக்கு முதலில் புரியவில்லை. ஸ்கூட்டரில் பாதி தூரம் வந்தபிறகுதான் புரிந்தது. ஒரே ஒரு தடவை தானும் போட்டியில் ஓட்ட வேண்டுமாம். இத்தனை வருஷத்தில் அந்த மனுஷன் தனக்கென்று கேட்டது அது ஒன்றுதான்.

சரி, தட்டைப் படகில் யார் உட்காருவது? கமிட்டிக் கூட்டத்தில் கேட்டதும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். ஒருத்தருக்கு வெயில் ஆகாது, ஒருத்தருக்கு அன்றைக்கு மச்சினிக்குச் சீமந்தம். "இன்பநாதன் இல்லாம நடக்குமோ?" என்று பத்மநாபன் பாகாய் உருகினார். வாசலில் நின்றுகொண்டிருந்த நான், "நடக்கும் சார், நடத்துங்க" என்றேன். கடைசியில் புதிதாய்ச் சேர்ந்த ஸ்ரீவத்சன் கையைத் தூக்கினான். சென்னைப் பையன், ஹிஞ்ஜவடியில் கம்ப்யூட்டர் வேலை, தங்கமான குணம். "நான் பாத்துக்கறேன் சார். உக்காந்து ஹார்ன் அடிக்கணும், அவ்ளோதான?" என்றான். அவ்ளோதானாம்! இவர் ஞாயிறுதோறும் அவனைத் தட்டைப் படகில் உட்கார வைத்துப் பாடம் நடத்தினார்.

இன்னொரு தொல்லை, படகுக்கு இரண்டு பேர் வேண்டும். மற்றவர்களெல்லாம் ஏற்கெனவே ஜோடி சேர்ந்தாயிற்று. மிச்சம் நான். எனக்கு நீச்சல் தெரியாது. கழுத்துவரை லைஃப் ஜாக்கெட்டைக் கட்டிக்கொண்டு, ஏசுவே என்று ஏறி உட்கார்ந்தேன்.

போட்டியன்று காற்று மேற்கிலிருந்து ஜம்மென்று அடித்தது. முன்பாயின் கயிறு என் கையில், சுக்கானும் பெரிய பாயும் அவர் கையில். "கயித்த விடாத!" "இழு!" "தலையக் குனி!" "இந்தப் பக்கம் வா!" அட ஆண்டவரே, பள்ளிக்கூடத்தில் நான் பிள்ளைகளை விரட்டியதற்கெல்லாம் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். பாயின் அடிக்கட்டை திரும்பும்போது ஒரு தடவை குனிய மறந்து, நெற்றியில் எலுமிச்சம்பழம் மாதிரி புடைத்துக்கொண்டது. "கொல்லப் பாக்கீங்களா?" என்று கத்தினேன். அவர் காதில் விழவே இல்லை. முழங்காலை மடக்கி, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, தண்ணீரையும் பாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை நான் கல்யாணத்தன்றைக்குக்கூடப் பார்த்ததில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் பொறாமையாக இருந்தது.

கடைசித் திருப்பத்தில் பத்மநாபனைத் தாண்டினோம். எங்களுக்கு முன்னால் ஒரு படகும் இல்லை! எனக்கு நெற்றி வலி போன இடம் தெரியவில்லை. ஆரஞ்சு டிரம் கிட்டே வந்தது, தட்டைப் படகு கிட்டே வந்தது, கோட்டைத் தாண்டியேவிட்டோம்.

சத்தமே இல்லை.

திரும்பிப் பார்த்தேன். நாற்காலி இருக்கிறது, குடை இருக்கிறது, ஹார்ன் நாற்காலிமேல் இருக்கிறது. ஸ்ரீவத்சனின் செருப்புகூட இருக்கிறது. ஆளைக் காணோம். கரையில், கிளப் படிக்கட்டின் மேலே, ஒரு காதைப் பொத்திக்கொண்டு செல்போனில் பேசிக்கொண்டு நிற்கிறான். ஏரியில் சிக்னல் கிடையாது, அந்தப் படியில்தான் கிடைக்கும். மோட்டார் படகு ஓட்டுகிற ரஃபீக் பாய் கீழே காத்துக்கொண்டிருக்கிறார். கரையில் மற்றவர்களெல்லாம் தார்ப்பாய்க்கு அடியில் என் இட்லியைத் தின்றுகொண்டிருக்கிறார்கள்.

"அடப்பாவி! ஏலே ஸ்ரீவத்சா!" என்று நான் போட்ட சத்தம் சிங்ககட் கோட்டைவரை கேட்டிருக்கும். அவனுக்குக் கேட்கவில்லை.

பின்னால் கொஞ்ச தூரத்தில் பத்மநாபன் வந்துகொண்டிருந்தார், அவருக்குப் பின்னால் மற்றவர்கள். இவர் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்தார். பிறகு படகைத் திருப்பித் தட்டைப் படகோடு ஒட்டினார்.

"என்ன செய்யப் போறீங்க?"

"ஹார்ன் அடிக்காட்டி அவங்க யாருக்கும் ரேஸ் முடியாது, மணி. இத்தன பேரு பட்ட பாடு வீணாப் போயிரும்."

"அப்ப நாம பட்ட பாடு? மொதல்ல உங்களுக்கு ஒண்ணு அடிச்சுக்கிடுங்க!"

"அவனவன் தனக்கே அடிச்சுக்கிட்டா அதுக்குப் பேரு ரேஸா?"

"நான் பாத்தேன், போதாதா? நான் சாட்சி!"

"நீ என் படகுல இருக்க."

அந்த முழங்காலோடு, விளிம்பைப் பிடித்து, முக்கி முனகித் தட்டைப் படகில் ஏறிவிட்டார். நீச்சல் தெரியாத பெண்டாட்டி கயிற்றைப் பிடித்துக்கொண்டு தன்னந்தனியாகப் படபடக்கிற பாய்க்கு அடியில் கிடக்கிறாள், அந்தக் கவலை இல்லை. குடையை நிமிர்த்திவிட்டு, ஹார்னைக் கையில் எடுத்து, கோட்டைப் பார்த்து உட்கார்ந்தார். பத்மநாபனின் படகு தொட்டதும், பாம்ப்! அடுத்தவனுக்குப் பாம்ப்! கடைசிப் படகுவரை ஒருத்தரையும் விடவில்லை. என் வாயில் வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது, நான் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளி டீச்சர்.

கரை சேர்ந்ததும் ஸ்ரீவத்சன் வெளிறிப்போய் ஓடிவந்தான். "சாரி சார், அமெரிக்காலேர்ந்து கால். சர்வர் விழுந்துடுச்சு. அஞ்சே நிமிஷம்னுதான் ரஃபீக் பாயக் கூட்டிண்டு வந்தேன்..."

"சர்வர் எந்திரிச்சுதா?" என்று கேட்டேன்.

"எந்திரிச்சுடுச்சு ஆன்ட்டி."

"நல்லா இருக்கட்டும்" என்றேன். பாவம், அவன் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. எனக்கு அதையும் பார்க்கச் சகிக்கவில்லை.

பரிசு கொடுக்கும்போது பத்மநாபன் கோப்பையை வாங்காமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். சர்க்கரை இல்லாத குரலில், "இது இன்பநாதனுக்குச் சேரணும். அவர் எனக்கு முன்னாடி தாண்டினதை நான் கண்ணால பாத்தேன்" என்றார். கூட்டம் கை தட்டியது. வாங்குங்க, ஒரே ஒரு தடவை வாயை மூடிக்கிட்டு வாங்குங்க என்று மனசுக்குள் மன்றாடினேன்.

"ஹார்ன் அடிச்சுதா சார்?" என்றார் இவர்.

யாரும் சிரிக்கவில்லை. பத்மநாபன் தலையைக் குனிந்துகொண்டு கோப்பையை வாங்கினார். பலகையை அன்றைக்கே இறக்கி, "பத்மநாபன், 2003" என்று இவரே எழுதினார். எழுத்து வழக்கம்போல அழகாகத்தான் இருந்தது. பெயிண்ட் காயும்வரை நின்றுகொண்டிருந்தார். நான் அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. தட்டைப் படகிலிருந்து இறக்கி வைத்திருந்த சாமான்களில் ஹார்னை மட்டும் எடுத்து, இட்லிப் பாத்திரத்துக்குள் போட்டு மூடி, ரிக்‌ஷா பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சாயங்காலம் இவர் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து எங்கள் மாடிப்படி ஏறி வருகிற சத்தம் கேட்டது. கதவைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே நின்றேன். கோபம் ஆறவில்லை. ஆறுமா? ஒரு காலைத் தூக்கி நிலைப்படியைத் தாண்டி உள்ளே வைத்தார். அமுக்கினேன். பாம்ப்!

அப்படியே நின்றுவிட்டார். என்னையும் ஹார்னையும் பார்த்தார்.

"இது செல்லாது, மணி" என்றார்.

"தெரியும்."

உள்ளேயும் வராமல் வெளியேயும் போகாமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் என்னவோ போல ஆகிவிட்டது.

"இன்னொருக்க அடி" என்றார்.

அடித்தேன். எதிர்வீட்டு மராத்திக்கார மாமி கரண்டியும் கையுமாக ஓடிவந்து என்ன ஆயிற்று என்று கேட்டாள். எங்கள் வீட்டுக்காரர் ரேஸில் முதலாவதாக வந்துவிட்டார் என்று அவளுக்கு மராத்தியில் சொன்னேன். இவர் திருத்தவில்லை.