இருபது இருபதாகத் தட்டிய மழை

இன்று நான் சந்தித்தது யாரை என்று சொன்னால் எங்கள் வெள்ள எச்சரிக்கை அலுவலகத்தில் பாதிப் பேர் மேஜைக்கு அடியில் ஒளிந்துகொள்வார்கள். பம்ப் ஹவுஸில் மோட்டார் போடும் அக்கா! அங்கே எல்லோருக்கும் அவர் 'மில்லிமீட்டர் அக்கா'. மொட்டை மாடியில் இருக்கும் மழைமானியைப் பத்தொன்பது வருடமாக அளப்பவர். முன்பெல்லாம் நோட்டில் எழுதுவார், இப்போது தினமும் காலை ஏழு மணிக்குச் செல்போனில் எண்ணைத் தட்டி அனுப்புகிறார்.

அந்த எண்ணை வாங்கி, சரியா தப்பா என்று தீர்ப்புச் சொல்லும் புரோகிராமை எழுதிய மேதை நான்தான்.

மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். பயத்தில் வாய் குழறி, "இன்ஸ்பெக்ஷனுக்கு வந்திருக்கேன்" என்றுவிட்டேன்.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "குரலக் கேட்டதுமே தெரிஞ்சுபோச்சு. நீதான அந்தப் புள்ளித் தம்பி?"

அந்தப் பட்டம் எனக்கு எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

என் புரோகிராமில் இரண்டு விதிகள். நூற்றைம்பதுக்கு மேல் எண் வந்தால் யாரோ கைதவறித் தட்டிவிட்டார்கள், திருப்பி அனுப்பு. மூன்று முறையும் அதே எண் வந்தால், சுற்றியுள்ள நான்கு நிலையங்களின் சராசரியை நீயே போட்டுக்கொள். மூன்று முறை ஒரே எண்ணைச் சொல்கிற மனுஷி ஒருவேளை உண்மையைச் சொல்கிறாரோ என்று எனக்குத் தோன்றவே இல்லை. இதற்காக மீட்டிங்கில் கைதட்டு வேறு வாங்கினேன். வீடியோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன்.

போன மாதம் ஒரு காலை. விடிய விடியக் கொட்டிய மழையை அக்கா அளந்தார். அவருடைய அளவுக் குடுவை இருபது மில்லிமீட்டர்தான் பிடிக்கும். நிரப்பி, கொட்டி, சுவரில் கரியால் ஒரு கோடு. பத்துக் கோடு போட்ட பிறகும் பன்னிரண்டு மிச்சம். இருநூற்றுப் பன்னிரண்டு.

கால்வாய் ஓரத்துத் தாழ்ந்த தெருவில் நாற்பது வீடுகள். ஒரு நாள் மழை மொத்தம் இருநூறைத் தாண்டினால் சிஸ்டமே அங்கே சைரன் ஊதும். வெள்ளம் தெருவுக்கு வர இரண்டு மணி நேரம் இருந்தது. அக்கா மூன்று முறை தட்டினார். மூன்று முறையும் சிவப்பு. பிறகு சிஸ்டம் தானாகவே முப்பத்தெட்டு என்று போட்டுப் பச்சை காட்டியது.

அந்தத் தெருவில் இருக்கும் தங்கைக்கு அக்கா போன் செய்தார். "நாங்க கிளம்புறோம்க்கா. ஆனா பக்கத்து வீட்டுக்காரங்க நகர மாட்டேங்கறாங்க. சைரனே ஊதலியே, நீங்க எதுக்குப் பதறுறீங்கன்னு கேக்குறாங்க."

அடுத்த போன் எனக்கு.

"அக்கா, புள்ளி வைக்க மறந்துட்டீங்க. இருபத்தொண்ணு புள்ளி ரெண்டுதானே?" என்றேன் நான், அவ்வளவு அன்பாக!

"சரிப்பா, புள்ளி வெச்சுடறேன். மீதித் தண்ணிய எங்க கொட்டட்டும்? உன் மேஜையிலயா?"

போன் கட்.

பிறகு என்ன செய்தார் தெரியுமா? சுவரில் இருந்த கோடுகளைப் பார்த்தார். ஒரு நாளில் எத்தனை முறை வேண்டுமானாலும் அளவை அனுப்பலாம், சிஸ்டம் கூட்டிக்கொள்ளும். அவர் உண்மையில் அளந்ததும் அப்படித்தானே? இருபது என்று தட்டினார். பச்சை. மறுபடி இருபது. பச்சை. என் மேதாவி புரோகிராம் ஒவ்வொன்றையும் பல்லிளித்து வாங்கிக்கொண்டது. என் முப்பத்தெட்டும் சேர்ந்ததால் ஒன்பதாவது இருபதிலேயே சைரன் ஊதிவிட்டது. அக்கா நிறுத்தவில்லை. இன்னொரு இருபதையும் பன்னிரண்டையும் அனுப்பிவிட்டுத்தான் எழுந்தார்.

ஒன்பது மணிக்குத் தாழ்ந்த தெருவில் ஜன்னல் உயரத்துக்குத் தண்ணீர். வீடுகளில் ஒருவர்கூட இல்லை.

பத்து மணிக்கு அக்கா மறுபடி கூப்பிட்டார். நன்றி சொல்லத்தான் என்று நினைத்து நான் தொண்டையெல்லாம் செருமிக்கொண்டேன்.

"என் பேர்ல இருநூத்தம்பதுன்னு நிக்குது. அந்த முப்பத்தெட்டு யார் வீட்டு மழை?"

"அது... சராசரிக்கா."

"நான் அளக்கல. எடுத்துடு."

எடுக்க எனக்கு நான்கு நாள் ஆனது. சிஸ்டம் போட்ட எண்ணில் மனிதர் கைவைக்கக் கூடாது என்று பூட்டுப் போட்டிருந்த புத்திசாலியும் நானேதான்.

இதையெல்லாம் இன்று நேரில் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் இருக்கட்டும், இப்ப எப்படி மாத்தியிருக்க?" என்றார். பெரிய எண் வந்தால் இனி சிஸ்டம் எதையும் போடாது, என் செல்போன்தான் அடிக்கும், அளந்தவரிடமே நான் கேட்க வேண்டும் என்றேன்.

"கேட்டா மட்டும் போதாது, நம்பணும்" என்று சொல்லிவிட்டு மோட்டார் போடப் போய்விட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மோட்டார் புகை என்று சமாளித்தேன். அது கரண்ட் மோட்டார்.

உங்கள் பக்கத்திலும் ஒரு மழைமானி இருக்கும், அளப்பவரும் இருப்பார். ஒரு நாள் காலை போய்ப் பாருங்கள், நேற்று எவ்வளவு பெய்தது என்று கேளுங்கள். புரோகிராம் எழுதுகிற நண்பர் யாராவது இருந்தால் இதைக் கட்டாயம் அனுப்புங்கள். என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும், பரவாயில்லை. சிரித்துவிட்டுத் தன் விதிகளையும் ஒருமுறை திறந்து பார்க்கட்டும்.